படித்துக் காட்டியவன்

9.6.2025, திங்கள்

மூன்று கிரயம், ஒரு செட்டில்மெண்டு. நடுவே மதிய இடைவேளையில் மேசையைத் துணியால் தட்டிவிட்டு, கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியை எழுதினேன். நாவல் முடிந்தது. நாலு லாங் சைஸ் நோட்டு, பதினாலு அத்தியாயம், மூன்று வருடம். பெயர் 'ஏரிக்கால் நிலம்'.

பக்கத்து மேசை முருகையன் எட்டிப் பார்த்தார். "இன்னா கோதண்டம், இவ்ளோ நீட்டுப் பத்திரம்? யாரு பார்ட்டி?"

பாகப்பிரிவினை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆள் மாறாட்டம், போலி ஆதார், செத்துப் போனவர் பெயரில் நடந்து வந்து கையெழுத்துப் போடுகிறவர் - எல்லாம் பார்த்தாயிற்று. சந்தேகப்படாதவன் இந்த வாசலில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

வீட்டில் வளர்மதியும் கேட்டாள், முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று. ஒன்றுமில்லை என்றேன். அவளும் நம்பவில்லை.

11.6.2025

அவலூர்பேட்டையிலிருந்து மச்சான் தனகோட்டி மல்லாட்டை மூட்டை அனுப்பியிருக்கிறார். தங்கை வளர்மதிக்கு வருடம் தவறாமல் அனுப்புவது. சிங்கவரத்து நிலத்தில் விளைந்தது. கடலையை வளர்மதி வறுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

15.6.2025, ஞாயிறு

போன வருடம் சென்னையில் இரண்டு பதிப்பகங்களுக்கு முதல் மூன்று அத்தியாயங்களை ஜெராக்ஸ் போட்டு அனுப்பியிருந்தேன். ஒருவர் பதிலே போடவில்லை. கதையை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்களோ என்று இன்னும் எனக்குச் சந்தேகம். இன்னொருவர் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விலைப்பட்டியல் அனுப்பினார். ஆகவே நானே போடப் போகிறேன். டைப் செய்து, மெய்ப்புப் பார்த்து, அட்டை போட்டு அனுப்பினால் இருநூறு பிரதி அடித்துக் கொடுக்க அச்சகம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பதினோராம் அத்தியாயம் கற்பனை இல்லை.

2004, தை மாதம். நான் பத்திர எழுத்தர் பீமாராவ் சாரிடம் குமாஸ்தா. சிங்கவரத்துப் பெண் ஒருத்தி, புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தன் தாய் வீட்டு நிலத்தை அடமானம் வைக்க வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ராவ் சார் அதை விற்றுவிட்டதாகக் கிரயப் பத்திரமாகவே எழுதினார். அவளுக்கு அடமானம் என்று படித்துக் காட்டப்பட்டது. கைநாட்டு வைத்தாள். வாங்கியவர் தனகோட்டி. அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை. அடுத்த வருடம் ஆனார்.

நாவலில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஊர் பெயர் வேறு. ஆட்களின் பெயர் வேறு. வாங்கியவர் மளிகைக்கடைக்காரர். பத்திர எழுத்தருக்கு மொட்டைத் தலை. ராவ் சாருக்குச் சாகும்வரை அடர்த்தியான முடி. குமாஸ்தா அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தான். முதல் பக்கத்தில் 'இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் முற்றிலும் கற்பனையே' என்று போட்டாயிற்று.

வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும். வீட்டில் என்ன போகும் என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியென்றால் எழுதாமலே இருந்திருக்கலாமே? இருந்து பார்த்தேனே, பதினெட்டு வருடம்.

18.6.2025

திருவண்ணாமலை ரோட்டில் பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு டைப்பிங் சென்டர். நடத்துவது தமிழினி என்ற பெண், இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கல்யாணப் பத்திரிகை, ஆதார் திருத்தம், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் செய்கிறாள். வேகமான விரல்கள். பிழை இல்லை. பஜாரில் இருக்கும் இரண்டு சென்டர்களுக்கும் முருகையன் தினம் போகிறவர். இவளிடம் போவதில்லை. அதனால்தான் இவள்.

நோட்டைக் கொடுப்பதற்கு முன் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஓர் உறுதிமொழி எழுதினேன். கதையை யாருக்கும் காட்டுவதில்லை, நகல் எடுப்பதில்லை, சொல்வதில்லை. பெயர், தகப்பன் பெயர், வயது, விலாசம் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். நீட்டினால் அவள் கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து படித்தாள். முடித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து படித்தாள்.

"என் மேல சந்தேகமா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல சார். எங்கூட்ல எதையும் படிக்காம கையெழுத்து போட மாட்டோம்."

பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். நல்ல பழக்கம்தான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் என் எழுத்தை இரண்டு முறை படித்த முதல் ஆள் இவள்.

30.6.2025, திங்கள்

ஐந்து அத்தியாயம் தயார். அச்சில் என் வாக்கியங்களைப் பார்க்கிறபோது வேறு யாரோ நல்லவன் எழுதியது போல் இருக்கிறது.

7.7.2025

பத்து வரை முடித்துவிட்டாள். பன்னிரண்டும் முடித்துவிட்டாள். பதினொன்று மட்டும் இல்லை.

"ஏம்மா நடுவுல விட்டுட்டே?"

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார். திரும்ப அடிக்கணும்."

கரப்ட் ஆனது அந்த ஒரு ஃபைல் மட்டும்தானா?

கிளம்பும்போது கேட்டாள். "சார், கதையில எதுக்கு சர்வே நம்பரு? நாலு எல்லையும் போட்டிருக்கீங்க. கிழக்கால ஏரிக்கால், மேற்கால யானப்பாற, வடக்கால ஒத்தப் பன..."

நிலம் என்று எழுதினால் நான்கெல்லை எழுதாமல் என் கை மேலே போகாது என்றேன். எல்லை இல்லாத நிலம் நிலமே இல்லை, நம்பர் இல்லாத நிலம் யாருடையதும் இல்லை என்று கொஞ்சம் நீட்டி முழக்கினேன். தலையை ஆட்டினாள். வழியெல்லாம் அதே யோசனை. அந்த நம்பரை நான் ஏன் மாற்றவில்லை? 214/3B. எல்லாவற்றையும் மாற்றியவன், அது தானாகக் கையில் வந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. போகட்டும். மாநிலத்தில் எத்தனை ஊரில் 214 இருக்கும்.

14.7.2025, திங்கள்

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்ததிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. அச்சகத்துக்காரரும் போனில் சொல்கிறார், அட்டையில் ராஜகிரி மலையைப் போடுங்கள், விற்கும் என்று. கதையில் ஒருவர்கூட மலை ஏறவில்லை என்றேன். "அதனால இன்னா சார்?" என்கிறார். என் அட்டையில் மை தடவிய ஒரு கட்டைவிரல். அதற்கு மேல் பேச்சில்லை.

22.7.2025

ஆடி. பதிவு இல்லை. வாசலே காலியாகக் கிடக்கிறது.

டீக்கடையிலிருந்து திரும்பி வந்தால் முருகையன் மேசை எதிரில் தமிழினி. என்னைப் பார்த்ததும் ஒரு காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சார், நாளைக்கு வாங்க, ரெடி பண்ணிடறேன்" என்று போய்விட்டாள்.

முருகையன் பல்லைக் குத்திக்கொண்டே, "சிங்கவரத்துச் சங்கதியா எழுதியிருக்கே?" என்றார்.

நாவலில் சிங்கவரம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

23.7.2025

முருகையனின் அக்கா பையன் யூடியூபில் குறும்படம் எடுக்கிறான். இப்போது புரிகிறது. கதையை டைப் செய்கிறவள் மூலம் வாங்கி, படம் எடுத்து, பிறகு நான் புத்தகம் போட்டால் 'படத்தைப் பார்த்து எழுதியது' என்பார்கள். உறுதிமொழிப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. இருக்கட்டும். பார்த்துக்கொள்கிறேன்.

24.7.2025

முருகையனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

29.7.2025

பதினோராம் அத்தியாயம் ஒரு வழியாக அடித்து முடித்திருக்கிறாள். மெய்ப்பு பார்க்க ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் படிக்க வேண்டும், ஒருவர் திரையில் பார்க்க வேண்டும் என்றாள். "நீங்க படிங்க சார். சத்தமா. நான் பாத்துக்கறேன்."

படித்தேன். பத்திர வாசகம் வரும் இடத்தை ஆபீஸில் படிப்பது போலவே நிறுத்தி, அழுத்தி, நல்ல குரலில் படித்தேன். என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ராவ் சார் அதற்காகவே என்னை வைத்திருந்தார்.

பெஞ்சில் ஒயர் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், ஜெராக்ஸுக்கு வந்தவர் மாதிரி. நான் நான்கெல்லையைப் படித்து முடித்தபோது எழுந்தார். என்னைப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்காமலே போய்விட்டார். தமிழினி அவரைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

முருகையன் ஆள் அனுப்பிக் கேட்க வைக்கும் அளவுக்குப் போய்விட்டாரா? அந்த அம்மாளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மேசையில் ஸ்டேப்ளர் அடித்த ஜெராக்ஸ் கட்டு ஒன்று. மேல் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து. பதினொன்று. 'நகல் எடுப்பதில்லை' என்று எழுதி வாங்கியவன் நான். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஏனோ கேட்கவில்லை.

4.8.2025, திங்கள்

தமிழினியிடமிருந்து அச்சுப் பிரதி வந்தது. பதினோராம் அத்தியாயத்தை மட்டும் எடுத்து நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டேன். திருடன் எங்காவது கை வைத்திருப்பான்.

வைத்திருக்கிறாள். ஒரே ஓர் இடத்தில். நான் எழுதியது 'தெற்கே பொது வழி'. அச்சில் இருப்பது 'தெற்கே கன்னிமார் கல்'.

பிழையாக இருக்க முடியாது. 'பொது வழி' என்று அடிக்கப்போன விரல் 'கன்னிமார் கல்' என்று அடிக்காது. எனக்கு எதற்குத் திருத்தம் சொல்கிறாள்? அது கதைதானே?

5.8.2025

ராவ் சாரின் பழைய வரைவு நோட்டுகள் பரண் மேல் இருந்தன. அவர் செத்தபோது மகன் எடைக்குப் போடப் போனான். நான் வாங்கி வைத்தேன். 2004. தை. பக்கம் கிடைத்தது. என் கையெழுத்துதான், வரைவு எழுதுவது குமாஸ்தா வேலை.

கிழக்கே ஏரிக்கால். மேற்கே யானைப்பாறை. வடக்கே ஒற்றைப்பனை. தெற்கே கன்னிமார் கல்.

நான்தான் மறந்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை.

எழுதிக் கொடுப்பவர்: மீனம்பாள், கணவர் பெயர் இளையபெருமாள்.

உடனே உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்தேன். தமிழினி, தகப்பனார் பெயர் இளையபெருமாள், தொண்டூர். என் கையெழுத்து. என் பேனா. அவள் வாயால் சொல்லி, நான் காதால் கேட்டு எழுதியது. ஊரில் இருக்கிறவன் ஆதாரையெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவன், என் எதிரில் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்க்கவில்லை. என்ன தேடினேன் நான்? அவள் திருடுவாளா என்று தேடினேன்.

பெஞ்சில் இருந்த அம்மாள். ஒயர் கூடை.

ஐயோ, சத்தமா படிச்சேனே. நிறுத்தி நிறுத்திப் படிச்சேனே.

6.8.2025

மேசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். வளர்மதி தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜில்லுனுதான இருக்குது" என்றாள்.

8.8.2025

வழிகள்: பதினோராம் அத்தியாயத்தையே எடுத்துவிடலாம். நாவலையே நிறுத்திவிடலாம். எல்லைகளையும் நம்பரையும் மாற்றிவிட்டு, 'அது தற்செயல்' என்று சாதிக்கலாம். தனகோட்டியிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம், அவர் பார்த்துக்கொள்வார். அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பயமாக இருக்கிறது.

11.8.2025, திங்கள்

அவளே வந்தாள். மேசையைச் சுற்றி யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. நான் உட்காரச் சொல்லவும் இல்லை.

"இந்தக் கதைய உங்களுக்கு யாரு சொன்னாங்க சார்?"

கற்பனை என்றேன்.

"கற்பனைக்கு சர்வே நம்பர் இருக்குமா சார்? ஆன்லைன்ல சிங்கவரம் போட்டுப் பாத்தேன். பட்டா தனகோட்டி பேர்ல வருது. முருகையன் சார்கிட்ட வில்லங்கம் போட்டு வாங்கினேன். அதுலயும் அவருதான்."

முருகையன் செய்தது அவ்வளவுதான். வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்; சிங்கவரம் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. அந்த மனிதரை மூன்று வாரமாக நான் மனதுக்குள் கொன்றுகொண்டிருந்தேன்.

அவள் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நெலம் போனதுகூட இருக்கட்டும் சார். அடமானம்னுதான் படிச்சாங்கன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிப் பாத்துச்சு. ஊர்ல ஒருத்தரும் நம்பல. வித்துட்டு நாடகம் ஆடுறான்னாங்க. எங்க நைனா நம்பல. சாவுற வரைக்கும் அம்மா கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. இப்ப அம்மாவுக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாமதான் காதுல சரியா வாங்கலியோன்னு."

நான் மேசை மேல் இருந்த மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீ குடிக்கப் போன குமாஸ்தா பேரு இன்னா சார்?"

"அவனுக்குப் பேர் வைக்கல" என்றேன்.

"படிச்சுக் காட்டுனது ராவ் இல்லன்னு அம்மா சொல்லுது. ஒரு வயசுப் பையனாம். நெத்தி நெறைய விபூதி. கணீர்னு கொரலு. அந்தக் கொரல கேட்டு நம்பித்தான் வெரல வெச்சேன்னு சொல்லும். அன்னிக்கு அம்மா கடையிலதான் இருந்துச்சு சார். நீங்க படிச்சத கேட்டுச்சு."

பதினோராம் அத்தியாயத்தின் ஜெராக்ஸை மேசையில் வைத்தாள். "காப்பி எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன். எடுத்தது தப்பு. இந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

12.8.2025

'தப்பு' என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இருபத்தொரு வருடம் போதவில்லை.

17.8.2025, ஞாயிறு

ராவ் சார் என்ன சொன்னார் என்பதை எழுதுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. "இதோ பாரு, கிரயம்னு வர்ற எடத்துல எல்லாம் அடமானம்னு படி. உன் குரலுக்கு அந்தம்மா சம்மதிச்சுடும். அவ்வளவுதான் வேலை." நான் ஒரு தடவைதான் கேட்டேன், சார் இது சரியா என்று. "உனக்கு வேலை வேணுமா?" என்றார். எனக்கு வேலை வேண்டியிருந்தது. படித்தேன். ஆறு இடத்தில் மாற்றிப் படித்தேன். ஓர் இடத்திலும் நாக்கு தடுமாறவில்லை. உள்ளே அதிகாரி சம்மதமா என்று கேட்டபோது அந்த அம்மாள் என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சம்மதம் என்றார்.

டீ குடிக்கப் போனேனாம். டீ.

மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி, அதில் என்னை மட்டும் டீக்கடைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

31.8.2025, ஞாயிறு

பதினோராம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். காலையில் ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு முடிந்தது. குமாஸ்தா டீக்கடைக்குப் போகவில்லை. மற்ற பெயர்களைத் தொடவில்லை. அவை கற்பனையாகவே இருக்கட்டும். அவனுக்கு மட்டும் பெயர் வைத்தேன். கோதண்டராமன்.

1.9.2025, திங்கள்

வளர்மதியிடம் சொன்னேன். சமையல்கட்டில் நின்றபடியே முழுவதும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"இத்தன நாளு எழுதிக்கினு இருந்தது இதானா? நான் வேற என்னென்னமோ நெனச்சேன்." பிறகு, "எங்கண்ணன் உங்களப் பாத்துட்டு வந்து எங்கம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. 'பையன் சொன்னத அப்படியே செய்வான்'னு. நல்ல கொணம்னு நெனச்சு நான் சரின்னேன்" என்றாள்.

மீதி மல்லாட்டையைச் சாக்கில் கொட்டிக் கட்டினாள். மதிய பஸ்ஸில் அதையும் தூக்கிக்கொண்டு அவலூர்பேட்டை போய்விட்டாள்.

3.9.2025

தோசை கருகிவிட்டது. இரண்டாவதும்.

6.9.2025, சனி

வந்துவிட்டாள். சாக்கு இல்லை. "அங்க இன்னா பேசினேன்னு கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை.

10.9.2025

தனகோட்டி ஆபீஸ் வாசலுக்கே வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"கதைதானே மாப்ளே? கதைன்னு முன்னாடியே போட்டிருக்கேன்னு வளர்மதி சொன்னா. அந்த வரி இருக்கட்டும். அது இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். யோசிக்கிறேன் என்றேன். "இன்னாத்த யோசிக்கிறது" என்று என்னையே பார்த்தார். சொன்னதை அப்படியே செய்யும் பையனைத் தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

முருகையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தனகோட்டி போன பிறகு தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

12.9.2025

தமிழினி கடைக்குப் போனேன். புதிய பதினோராம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திரும்பவும் மேலிருந்து படித்தாள். உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். குமாஸ்தாவின் பெயர் வந்த இடத்தில் மட்டும் விரல்கள் ஒரு நொடி நின்றன.

முடித்துவிட்டு முதல் பக்கத்தைத் திரைக்குக் கொண்டு வந்தாள். "முற்றிலும் கற்பனையேன்னு ஒரு வரி இருக்குதே சார். இருக்கட்டா?"

எடுத்துவிடச் சொன்னேன். உண்மையில் சொல்வதற்கு நேரமாயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

22.9.2025, திங்கள்

மீனம்பாள் அம்மாளின் நிலத்துக்காக வக்கீல் ஆபீஸ் போனேன். இவ்வளவு காலம் கழித்து வழக்கு நிற்குமா என்று அவருக்கே சந்தேகம். அதை மறைக்காமல் சொன்னார். ஆனால் படித்துக் காட்டியவனே எழுதிக் கொடுத்தால் அது வேறு என்றார். வாக்குமூலத்தை நானே எழுதினேன், நம் தொழில்தானே. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் தனக்கு எழுதும்போது மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினேன்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். "போகலாம்" என்றார். வீட்டில் சொன்னேன். வளர்மதி, "எங்கூட்டுக்காரரு நாவல் எழுதுறாருன்னு சொல்லிக்கிறேன், வுடுங்க" என்றாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

24.10.2025, வெள்ளி

மழை. சென்னையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. பிரித்தேன். ஒரு பிரதியைக் கையில் எடுத்தால் சந்தோஷம் வருமென்று மூன்று வருடமாகக் காத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. முகர்ந்துகூடப் பார்த்தேன்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை. உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

26.10.2025

முருகையன் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். "உன் அக்கா பையன் படம் எடுக்கிறானாமே" என்றேன், மெதுவாக. "எவன்? அவன் போன வருஷமே சிங்கப்பூர் போயிட்டான்" என்றார்.

2.11.2025, ஞாயிறு

தொண்டூர் பஸ்ஸில் போனேன். பையில் ஒரே ஒரு புத்தகம். வளர்மதியும் வருகிறேன் என்றாள்; அடுத்த முறை என்றேன். இதற்கு நான் தனியாகத்தான் போக வேண்டும்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. மீனம்பாள் அம்மாள் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. தமிழினி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "அம்மா, நான்தான் அன்னிக்கு மாத்திப் படிச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

புத்தகத்தை எடுத்துப் பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்தேன். படித்துக் காட்டட்டுமா என்று தொண்டையைச் செருமினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க படிக்க வேணாம். பாப்பா, நீ படி."

புத்தகம் என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. தமிழினி படித்தாள். வேகமும் இல்லை, ராகமும் இல்லை. பத்திரத்தில் கிரயம் என்று இருந்தது, கோதண்டராமன் அடமானம் என்று படித்தான். ஆறு இடம். ஆறையும் படித்தாள். மீனம்பாள் அம்மாள் தன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மூடி வைத்துக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் மகளைப் பார்த்துக் கேட்டார். "அதுல அப்டியேதான் இருக்குதா? நீ எனக்காக எதுவும் மாத்திப் படிக்கலியே?"

"இல்லம்மா. அப்டியேதான் இருக்குது."

"அப்போ என் காதுல கோளாறு இல்ல."

"இல்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். சுவரில் இளையபெருமாள் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றார். என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தார். "காபி போடட்டுமா" என்று என்னைக் கேட்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்ப எழுந்தேன். தமிழினி பேனாவோடு வந்தாள். "எழுத்தாளருங்க கையெழுத்து போட்டுக் குடுப்பாங்கல்ல சார்?"

முதல் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"அங்க இல்ல சார்" என்று அவளே பதினோராம் அத்தியாயம் முடியும் பக்கத்தைப் பிரித்து, அடியில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினாள். திரும்ப உட்கார்ந்து, புத்தகத்தை முழங்காலில் வைத்து, பத்திரத்தின் அடியில் எழுதுவது போலவே எழுதினேன். படித்துக் காட்டியவர்: கோதண்டராமன், செஞ்சி. தேதி போட்டேன்.

புத்தகத்தை வாங்கி, நான் எழுதிய அந்த இரண்டு வரியையும் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மூடினாள்.